வஞ்சனையும் அதன் வடிவங்களும்

திருச்சிற்றம்பலம்



நம் அத்திப்பட்டில் மின்தொடர் வண்டியில் ஏறித் தெற்கு நோக்கிச் செல்வோமாயின், எண்ணூர், கத்திவாக்கம் முதலிய சில நிலையங்களைக் கடந்ததும் திருவொற்றியூரை அடைகிறோம். அங்கே தியாகேசர் திருக்கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை என்றொரு விழா நிகழ்வதை நம்மிற் பலர் கண்டு தொழுதிருப்போம். ஆளுடைய நம்பிகளாகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் ஆணையிட்டுக் கொடுத்த நிகழ்ச்சியே அவ்விழாவின் பொருள். திருமண விழாவாக அதனைக் கண்டு மகிழ்கிறோம். ஆயின் அவ்வாணையின் உள்ளே மறைந்து கிடந்த ஒரு குற்றத்தையும், அதற்கு எம்பெருமான் செய்த தீர்ப்பையும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வஞ்சனை என்பது யாது, அது எத்தனை வடிவில் வரும் என்பதை ஆராய விரும்புவார்க்கு இதனினும் சிறந்த வாயில் வேறில்லை.

பொய்யும் களவும் வஞ்சனையும்

பொய், களவு, வஞ்சனை என்னும் மூன்றையும் ஒன்றாகவே எண்ணுவது உலக வழக்கு. இவை உறவுடையன என்பது உண்மை. ஆயினும் ஒன்றல்ல. பொய் சொல்லைப் பற்றிய குற்றம். களவு பொருளைப் பற்றிய குற்றம். வஞ்சனையோ நம்பிக்கையைப் பற்றிய குற்றம். திருடன் நாம் காணாதபோது வந்து எடுத்துச் செல்கிறான். வஞ்சகன் நம் கண்ணெதிரே வந்து, நம் கையாலேயே எடுத்துக் கொடுக்கும்படி செய்கிறான். திருடனுக்குத் துணை இருள். வஞ்சகனுக்குத் துணை நாம் அவன்மேல் வைத்த அன்பும் மதிப்புமே. ஆதலின் களவு கொடுத்தவன் பொருளை மட்டும் இழக்கிறான். வஞ்சிக்கப்பட்டவன் பொருளோடு, பிறரை நம்பும் தன் நெஞ்சின் இயல்பையும் இழக்கிறான்.

திருவள்ளுவர் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்துத் துறவறவியலில் வைத்திருக்கும் முறை நோக்கத்தக்கது. வேடத்தால் செய்யும் வஞ்சனை முதலில் வருகிறது. பொருளைக் கவர எண்ணும் கள்ளம் இரண்டாவதாக வருகிறது. சொல்லின் தூய்மை மூன்றாவதாக நிற்கிறது.

அரசின் சட்டமும் வஞ்சனையைத் தனிக் குற்றமாகவே வகுத்துள்ளது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதன் இலக்கணத்தை 415 ஆம் பிரிவிலும், பொருளைக் கொடுக்கச் செய்து ஏமாற்றுவதற்குரிய தண்டனையை 420 ஆம் பிரிவிலும் கூறிற்று. அவ்வெண் மக்கள் வாயிலும் புகுந்து, வஞ்சகனுக்கு 'நானூற்றிருபது' என்ற பெயரையே ஈந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் இக்குற்றம் 318 ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்வார்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எண் மாறினாலும் இலக்கணம் மாறவில்லை. ஒருவனை மயக்கி, அவன் உடலுக்கோ மனத்துக்கோ புகழுக்கோ பொருளுக்கோ கேடு விளையும் செயலைச் செய்யத் தூண்டுதலும், செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கத் தூண்டுதலும் வஞ்சனையாம். மனத்துக்கு வரும் கேட்டையும் சட்டம் எண்ணியிருத்தலைக் காண்க.

ஆயினும் சட்டத்தின் கைக்கு எட்டாத வஞ்சனைகள் பல. அவற்றை அறிய வேண்டுமாயின் மகிழ மரத்தடிக்குச் செல்ல வேண்டும்.

மகிழடியில் உரைத்த ஆணை

சங்கிலியார் நமக்கு அயலார் அல்லர். பொன்னேரி வட்டாரத்து ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியில் தோன்றியவர். சிவனடியார்க்கன்றிப் பிறருக்கு மாலையிடேன் என்னும் உறுதியோடு திருவொற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூமாலை தொடுத்துத் தொண்டு செய்தவர். அவரைக் கண்டு காதல் கொண்ட நம்பியாரூரர், அவரைத் தமக்குத் தருமாறு எம்பெருமானிடமே வேண்டினார். எம்பெருமான் சங்கிலியார் கனவில் தோன்றிச் செய்தியை உரைத்தபோது அவர் கேட்டது ஒன்றே: நம்பியாரூரர் திருவாரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவராயிற்றே, எளியேன் என் செய்வேன்? அவன் உன்னைப் பிரியேன் என்று ஆணையிட்டுத் தருவான் என்றார் எம்பெருமான்.

ஆணையிட வேண்டும் என்ற செய்தி நம்பியாரூரருக்கும் எட்டியது. அவர் திகைத்தார். பல தலங்களுக்கும் சென்று பாடித் தொழும் வாழ்க்கை அவருடையது. ஓரூரிலேயே தங்குதல் அவரால் ஆகாது. அதனை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருமணம் நடவாது. ஆகவே ஒரு வழி கண்டார். தோழராகிய இறைவனை நோக்கி, யான் ஆணையிடுவதற்குச் சங்கிலியோடு திருமுன்னர் வரும்போது, தேவரீர் கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

இவ்விண்ணப்பத்தின் உட்பொருள் யாது? கோயிலுக்குள் நின்று ஆணையிடுவார். காண்போர்க்கு அது இறைவன் முன்னிலையில் இட்ட ஆணை. கருவறையிலோ இறைவன் இல்லை. எனவே ஆணை ஆணையாகாது. சொல்லில் ஒரு பழுதும் இராது. சொல்லுக்கும் கருத்துக்கும் இடையே மட்டும் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அவ்விடைவெளியின் வழியே பின்னர் வெளியேறிவிடலாம். அன்பர்களே, இதுவே வஞ்சனையின் கரு. சொல்லும்போதே தப்பிச் செல்லும் வழியையும் அமைத்துக்கொண்டு சொல்லுதல் வஞ்சனையாம்.

எம்பெருமான் அவ்வாறே ஆகுக என்றார். பின் சங்கிலியார் கனவில் மீண்டும் தோன்றி, அவன் ஆணையிட இசைந்தால் நம் திருமுன்னர் வேண்டா, மகிழின் கீழ் எனக் கேள் என்று உணர்த்தினார். மறுநாள் நம்பியாரூரர் கோயிலுக்குள் செல்ல அழைத்தார். சங்கிலியாரின் தோழியரோ, இதற்காக இறைவன் திருமுன்னர் ஆணையிடுதல் தகாது, மகிழடியே போதும் என்றனர். மறுத்தால் மணம் தடைப்படும். இசைந்தால் மெய்யாகவே இறைவன் முன் ஆணையிட்டதாகும். நம்பியாரூரர் மகிழ மரத்தை வலம் வந்து, பிரியேன் என ஆணையிட்டார். அவர் இறைவனை எங்கே அனுப்பினாரோ அங்கேயே அவருடைய சொல் இறைவன் செவியில் விழுந்தது.

இறைவன் வஞ்சித்தாரா?

இங்கே ஓர் ஐயம் எழும். ஒருவரிடம் ஆகுக என்று சொல்லி, மற்றவரிடம் மறையை வெளியிட்ட எம்பெருமான் செய்தது மட்டும் வஞ்சனை அன்றோ என வினவுவாரும் உண்டு. வினா நேரியது. அதனை மழுப்பிச் செல்லுதல் நமக்கு அழகன்று.

முதலாவது, எம்பெருமான் தாம் தந்த சொல்லை மீறவில்லை. மகிழடியில் இருக்குமாறு வேண்டினார், மகிழடியில் இருந்தார். இரண்டாவது, வஞ்சகன் பிறரை மறைப்பது தன் பயனுக்காக. இறைவனுக்கு இதனால் வந்த பயன் ஒன்றுமில்லை. காக்கப்பட்டவர், ஆணையை நம்பி வாழ்வை ஒப்படைக்க இருந்த பெண். திருத்தப்பட்டவர், அத்தோழரே. இறைவன் மறைத்தற்றொழிலும் அருளின்பாற்பட்டதே என்று சைவ சித்தாந்தம் கூறும். மறைத்ததனால் யார் வாழ்ந்தார், யார் தாழ்ந்தார் என்று கேட்டுப் பார்த்தால் வஞ்சனையும் திருவிளையாடலும் தனித்தனியே பிரிந்து நிற்கும்.

திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஆளோலை காட்டி வழக்காடியதையும் உடன் வைத்து நோக்குக. அவ்வழக்குக்கு முன்னரே நம்பியாரூரர் அந்தணரின் ஓலையைப் பறித்துக் கிழித்திருந்தார். அவையோர் மூல ஓலையை ஆராய்ந்து, பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டு, மெய்யென்று தீர்த்தனர். வெண்ணெய்நல்லூரில் மெய்யைப் பொய்யென்று எண்ணினார். ஒற்றியூரில் பொய்யை மெய்போல் காட்ட முயன்றார். இரண்டிடத்தும் இறைவன் மெய்யை நிலைநிறுத்தியே அருளினார்.

கோயிலினுள் உள்ளீரோ?

காலம் சென்றது. இளவேனில் வந்தது. திருவாரூர் வசந்த விழாவின் நினைவு நம்பியாரூரரை ஈர்த்தது. ஒற்றியூரைக் கடந்து எல்லையை மிதித்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. இறைவனே தோழர், ஆயினும் இத்தண்டனையில் விலக்கில்லை. நண்பர் என்பதற்காக நீதியை வளைக்காமையே எம்பெருமான் நட்பின் பெருமை.

நம்பியாரூரர் செய்தது யாது? மறைக்கவில்லை. பிறர்மேல் பழி சுமத்தவில்லை. வடதிருமுல்லைவாயிலில் மாசிலாமணிப் பெருமானைப் பாடிய பதிகத்தில், சங்கிலியார் பொருட்டுக் கண்ணிழந்த செய்தியைத் தாமே வெளிப்படுத்துகிறார். வஞ்சனைக்குரிய முதல் மருந்து இதுவே. மறைவில் செய்ததனை வெளிச்சத்தில் சொல்லுதல்.

அங்கிருந்து திருவெண்பாக்கம் சேர்ந்தார். அத்தலம் இன்று நம் கண்ணுக்குத் தோன்றாது. 1944 இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் நீருள் அவ்வூர் அமைந்துவிட, திருக்கோயில் பூண்டியிலே புதிதாக எழுப்பப்பெற்றுள்ளது. ஊன்றீசர் என்னும் திருப்பெயரோடு இறைவன் அங்கே விளங்குகின்றார். பூண்டியினின்று வரும் கொசத்தலை ஆறு நம் அத்திப்பட்டை அடுத்த எண்ணூர்க் கழியிலேயே கடலோடு கலக்கிறது. அவ்வாற்றைக் காணும்போதெல்லாம் அங்கே எழுந்த வினாவை நாம் நினைத்தல் தகும்.

அவ்வினா யாதெனின், கோயிலினுள் இருக்கின்றீரோ என்பது. கண்ணிழந்து தட்டுத்தடுமாறி வந்த நம்பியாரூரர் இறைவனை அவ்வாறு வினவினார். ஊன்றுகோல் ஒன்று அருளிய எம்பெருமான், இருக்கின்றோம், நீர் போவீர் என்று யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல் விடையளித்தார். எவர் அன்று இறைவனைக் கோயிலினுள் இராதீர் என்று வேண்டினாரோ, அவரே இன்று கோயிலினுள் இருக்கின்றீரோ என்று கேட்க வேண்டியவர் ஆயினார். தாம் கேட்ட வரத்தின் பொருளைத் தாமே அனுபவித்தார். ஒரு கணமேனும் இறைவன் இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்று விரும்புகிறவனுக்கு, பின்னர் இறைவன் எங்கே என்று தேடித் திரியும் நிலையே வாய்க்கும். எடையிலே கை வைக்கும் வணிகரும், கணக்கிலே பேனா தவறவிடும் எழுத்தரும், அந்த ஒரு கணத்தில் இறைவன் அங்கே இராதிருக்க வேண்டும் என்றே விரும்புகின்றனர்.

பழையனூர் எழுபதின்மர்

நம்பியாரூரர் அடுத்துச் சென்ற வழி பழையனூர்த் திருவாலங்காடு. காரைக்காலம்மையார் தலையால் நடந்த பூமியாதலின் அதனுள் கால் வைத்தற்கு அஞ்சி, புறத்தே நின்று பாடினார். இதே பழையனூரில் அவர் காலத்துக்கு முன்பே நிகழ்ந்த வஞ்சனை ஒன்று திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலும் குறிக்கப்பெற்றுள்ளது. அதுவே நீலியின் கதை.

முன்வினைப் பகையால் வணிகன் ஒருவனைத் தொடர்ந்த பேய், அவன் மனைவியின் வடிவம் கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடையில் ஏந்திப் பழையனூர் வேளாளர் அவைக்கு வந்தது. கணவன் என்னைக் கைவிட்டான் எனக் கண்ணீர் வடித்தது. இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்று வணிகன் அலறினான். குழந்தையோ அவனைத் தந்தையென அழைத்தது. அவையோர் அவளை நம்பினர். வணிகன் கையிலிருந்த காவல் வாளையும் விலக்கச் செய்து, உனக்குத் தீங்கு நேரின் நாங்கள் எழுபதின்மரும் உயிர் கொடுப்போம் என்று வாக்களித்தனர். இரவில் வணிகன் மாண்டான். எழுபதின்மரும் சொன்னபடியே தீயில் புகுந்தனர்.

நீலி வஞ்சித்தது எதனைக் கொண்டு? அவையோரின் தீய குணத்தைக் கொண்டன்று. கைவிடப்பட்ட பெண்ணுக்கு இரங்கும் நற்குணத்தையே கருவியாக்கினாள். வஞ்சனையின் கொடுமை இதில்தான் உள்ளது. வஞ்சிக்கப்பட்டவரை அறிவிலி என்று இகழ்வார், அவரது நற்குணமே அங்கே பறிபோயிற்று என்பதை மறக்கின்றனர்.

இனி எழுபதின்மரை நோக்குவோம். எங்களையும் அவள் ஏமாற்றிவிட்டாள், ஆகவே எங்கள் வாக்கு செல்லாது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். எந்த வழக்குமன்றமும் அதனை ஏற்றிருக்கும். சொல்லவில்லை. மகிழடியில் ஒருவர் இல்லாத புழைவாயிலைத் தேடினார். பழையனூரில் எழுபதின்மர் இருந்த புழைவாயிலையும் அடைத்தனர். இன்று யாரும் தீப்புக வேண்டுவதில்லை. அது அக்காலத்து அறம். நம் சொல்லை நம்பி ஒருவர் கெட்டாராயின், அவர் இழப்பில் நமக்கும் பங்குண்டு என்று முன்வந்து நிற்பதே இக்காலத்து அறம். நண்பனுக்காகக் கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் எனக்கு ஒன்றும் தெரியாது என்பவர் பழையனூரை நினைக்கக் கடவர்.

வேடமும் அளவையும் அடைக்கலமும்

வஞ்சனையின் பிற வடிவங்களைச் சுருங்கக் காண்போம்.

வேட வஞ்சனைக்கு முத்தநாதன் சான்று. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத அவன், நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுள் கத்தியை மறைத்து, ஆகமம் உபதேசிக்க வந்ததாகக் கூறிக் கொன்றான். நாயனார் தத்தனைத் தடுத்து, அவ்வேடத்துக்கு ஊறு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடச் செய்தார். அது அவருடைய பெருமை. அதனைக் காட்டி இன்றைய முத்தநாதர்கள் தப்ப முயலுதல் கூடாது. திருப்பணிக்கென்று பொருள் கேட்பவரிடம் இரசீது கேட்பது அவமதிப்பு அன்று. மெய்யான தொண்டர் அதனை மகிழ்ந்தே தருவார். இக்காலத்து வேடம் தொலைபேசியிலும் வருகிறது. காவல் அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் குரல் மாற்றிப் பேசி, ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெற்றுச் சேமிப்பைச் சூறையாடுகின்றனர். ஆள்மாறாட்டமும் நீலி வேடமே. அவ்வாறு இழந்தவர் நாணி மறைக்காது உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

அளவை வஞ்சனை எடையிலும் அளவிலும் கலப்படத்திலும் நிகழ்வது. இதற்கு மறுதலையாகத் திருவொற்றியூரிலேயே கலிய நாயனார் வாழ்ந்தார். எண்ணெய் வாணிகக் குடியினர். கோயில் முழுதும் விளக்கேற்றிய செல்வர். செல்வம் போயபின் உறவினரிடம் எண்ணெய் பெற்று விற்றுக் கூலியால் விளக்கேற்றினார். அதுவும் நின்றபோது செக்கில் கூலிக்கு உழைத்தார். எல்லாம் முடிந்தபோது, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரிந்தார். எம்பெருமான் அக்கையைப் பிடித்துத் தடுத்தாட்கொண்டார். பிறர் எண்ணெயை விற்ற காலத்தில் ஓர் ஆழாக்கு ஒதுக்கினால் யார் அறிவார்? இறைவன் விளக்குக்காக என்ற நியாயமும் கையில் இருந்தது. ஆயினும் அவர் அதனைச் செய்யவில்லை. நல்ல காரியத்துக்காகச் செய்யும் வஞ்சனை என்று ஒன்று இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 2009 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தராசையும் எடைக்கல்லையும் காக்கும். தராசு பிடிக்கும் கையைக் காப்பது கலியரின் நினைவே.

அடைக்கல வஞ்சனை, நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடுதல். சீட்டுப் பணம், சங்கப் பணம், கோயில் உண்டியல், விழா நன்கொடை ஆகியவை யாவும் அடைக்கலப் பொருள்கள். மிகுந்த வட்டி தருவதாகக் கூறி வைப்புத்தொகை பெற்று ஓடுவோரைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 இலேயே வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அனல் மின் நிலையமும் துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த நம் வட்டாரம் போன்ற பகுதிகளில், வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏழைப் பெற்றோரின் தாலியை அடகு வைக்கச் செய்யும் வஞ்சனை தனிக் கவனத்துக்குரியது. நியாயமாகக் கிடைக்கும் வேலைக்கு இடைத்தரகர் வேண்டுவதில்லை. முறையற்ற வழியில் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கும்போது, நம் உள்ளத்திலும் சிறிது கரவு புகுந்துவிட்டது என்பதை உணர்தல் வேண்டும். வஞ்சகன் முதலில் நம்முள் இருக்கும் ஆசையோடு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே நம்மோடு பேசுகிறான்.

தன்னைத் தானே வஞ்சித்தல்

எல்லா வஞ்சனைக்கும் தாய் ஒன்றுண்டு. அது தன்னெஞ்சைத் தானே ஏமாற்றுதல். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும், இருளாய் இருக்கின்றேன் என்று தன்னையேனும் காட்டும். ஆணவ மலமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் காட்டாது நிற்கும் என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்குவார். தான் வஞ்சிக்கின்றான் என்பதே வஞ்சகனுக்குத் தெரியாமல் மறைந்து போகிறது. எல்லாரும் செய்வதுதானே என்பான். குடும்பத்துக்காகத்தானே என்பான். சொன்ன சொல்லில் பொய்யில்லையே என்பான். மகிழடிக் கதை இக்கடைசி விடைக்கென்றே எழுந்தது போலும்.

ஆகவே வாக்குக் கொடுக்கும்போதும் பொருள் வாங்கும்போதும் மூன்று வினாக்களை நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நான் கருதுவதனையே கேட்பவரும் கருதுகின்றாரா? நான் மறைப்பதனை அவர் அறிந்தால் இதற்கு இசைவாரா? இறைவன் இக்கணம் இங்கே இல்லாதிருக்க வேண்டும் என்று என் நெஞ்சின் ஒரு மூலை விரும்புகின்றதா? மூன்றாவது வினாவுக்கு ஆம் என்னும் விடை வருமாயின், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

முன்னரே தவறிவிட்டோர்க்கும் வழி அடைபடவில்லை. ஒளியிழந்த நம்பியாரூரருக்கு வெண்பாக்கத்தில் கோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. ஒரே நாளில் எல்லாம் திரும்பவில்லை. குலைந்த நம்பிக்கை ஊர் ஊராக நடந்தே மீட்கப்பெற வேண்டும். கவர்ந்ததைத் திருப்பிக் கொடுத்து, கெடுத்தவரிடம் சென்று உண்மை உரைத்து நடப்போர்க்கு, எம்பெருமான் முதலில் ஊன்றுகோலையும் பின்னர்க் கண்ணையும் நல்குவார்.

மாசித் திங்களில் மகிழ மரத்தை வலம் வரும்போது, தொழுவதோடு அமையாது, நாம் பிறருக்குக் கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஒன்றையேனும் நினைவுகூர்ந்து, அவ்வாண்டே அதனை நிறைவேற்ற உறுதி கொள்வோமாக. அதுவே மகிழடி சேவையின் மெய்ப்பயன்.

திருச்சிற்றம்பலம்